காட்டில் மாண்டவை எங்கே?



பூதப்பாண்டியில் பழையாற்றங்கரையில் நின்று வடக்கே நோக்கினால் நீண்ட மலைத்தொடர் ஒன்று கண்ணுக்குப் புலப்படும். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று வழி செல்லச் செல்ல வயலும் தோப்பும் பின்தங்க, காடு தொடங்கிவிடும். 2008ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட குமரி மாவட்டத்து மலைக்காடுகள் இவை. யானையும் மிளாவும் காட்டுப்பன்றியும் அங்கே வாழ்கின்றன. வாழ்வன யாவும் ஒருநாள் மாள்வனவே. ஆயினும் காட்டில் நாளெல்லாம் நடந்து திரிபவர்கள்கூட, இறந்து கிடக்கும் விலங்கைக் காண்பது அரிது. அவ்வுடல்கள் எங்கே போகின்றன?

முதுமையடைந்த யானைகள் தமக்கென அமைந்த ஒரு மறைவிடத்தைத் தேடிச் சென்று உயிர் விடுகின்றன என்று ஒரு கதை உலகெங்கும் வழங்கி வருகிறது. அது கதையே. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறையே கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இறுதிப் பல்லும் தேய்ந்தபின், மென்மையான புல்லை நாடி அது நீர்நிலை ஓரத்திலேயே தங்கிவிடுவதுண்டு. அத்தகைய இடங்களில் எலும்புகள் மிகுதியாகக் கிடப்பதைக் கண்டவர்கள் அவற்றை யானைகளின் இடுகாடு என்று கருதியிருத்தல் கூடும்.

உண்மையில் நடப்பது யாது? மூச்சு நின்றதும் விலங்கின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே முதலில் உடலைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சிறிது நேரத்திற்குள் ஈக்கள் வந்து முட்டையிடுகின்றன. ஓரிரு நாட்களில் புழுக்கள் தசையைத் தின்னத் தலைப்படுகின்றன. எறும்பும் வண்டும் தத்தம் பங்கைப் பெறுகின்றன. நரியும் காட்டுப்பன்றியும் உடலைக் கிழித்து இழுத்துச் செல்கின்றன. எஞ்சிய எலும்பையும், மான் உதிர்த்த கொம்பையும், சுண்ணாம்புச் சத்தை வேண்டி முள்ளம்பன்றி கொறிக்கிறது. மிஞ்சியது மண்ணோடு மண்ணாகிப் புல்லாய் முளைக்கிறது. அப்புல்லை மற்றொரு மான் மேய்கிறது. ஆதலின் காட்டில் வீண் என்று கழிக்கத்தக்கது ஒன்றுமில்லை.

இத்துப்புரவுப் பணியில் தலையாயது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. வானில் உயர வட்டமிட்டுக் கூரிய கண்ணாலேயே அது இரையைக் கண்டறியும். ஒன்று இறங்கக் கண்டால் தொலைவிலுள்ளவையும் வந்து சேரும். ஒரு பெருங்கூட்டம் ஒரு மாட்டின் தசையை ஒரு மணி நேரத்திற்குள் தின்று தீர்த்துவிடும். அதன் இரைப்பையிலுள்ள கடுமையான அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றை அழித்துவிடுகிறது. ஊருக்குள் பரவக்கூடிய நோய் இவ்வாறு காட்டிலேயே அடங்குகிறது.

இத்தகைய பறவைக்கு 1990களில் பெருங்கேடு நேர்ந்தது. இந்தியாவெங்கும் பாறுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்தில் ஒன்று எஞ்சும் அளவுக்குக் குறைந்துபோயிற்று. கால்நடைகளின் வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என்று பாகிஸ்தானில் ஆய்ந்த அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மருந்து உண்ட மாடு இறந்து, அதனைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் பழுதாகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் பறவையன்றோ!

பாறு குறைந்ததும் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நீர் மாசுற்றது, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இதனால் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மாண்டன என்று பொருளியல் அறிஞர் இருவர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது. பறவைக்கு வந்த கேடு மனிதனையும் விடவில்லை.

கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் தடை செய்தது. மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டுக்குச் செல்லாதிருக்க, ஊசிமருந்தின் அளவு 2015இல் 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்னும் இரு மருந்துகளும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நம் மாநிலத்தில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. அங்கே ஒரு யானையோ மானோ நோயாலும் நஞ்சாலும் அன்றி இயல்பாக இறந்ததாயின், அதனைப் புதைக்காமலும் எரிக்காமலும் விட்டுவைப்பது பாறுகளுக்கு விருந்து வைப்பதாகும்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் வீட்டுத் தொழுவத்தில் மாடு நோயுற்றால், கடையில் கிடைத்த ஊசியைப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுமாறு பெரியோர்களிடம் எடுத்துரையுங்கள். பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மருந்து உண்டென்பதையும் சொல்லுங்கள். நாம் தொழுவத்தில் போடும் ஊசி ஒன்று, என்றோ ஒருநாள் வானில் வட்டமிடும் பறவையைச் சென்றடைகிறது. அதனை அறிந்து நடப்பதே கல்வியின் பயனாகும்.