மின் ஈன்ற நீர் சக்கையா?



மின்னைப் பிழிந்தெடுத்த பின் வரும் நீரில் வலு ஏது? கரும்பில் சாறு போனபின் எஞ்சும் சக்கை அன்றோ அது? இத்தகைய ஐயம் உழவரிடையே உலவியதுண்டு. இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின், தன் வயலுக்கு வரும் நீருக்கு இடைவழியில் என்ன நேர்ந்தது என வினவுதல் உழவனின் உரிமை. அவனுக்கு விளங்கும் சொல்லில் விடையிறுத்தல் கற்றோர் கடன்.

நீர்மின் என்பது நீரைப் பிழிந்து எடுப்பதன்று. நீரின் வீழ்ச்சியிலிருந்து எடுப்பது. கதிரவன் வெப்பம் கடல்நீரை ஆவியாக்கி மேலேற்றுகின்றது. முகில் அதனை மலைமுகட்டில் பொழிகின்றது. உயரத்தில் நிற்கும் நீர் கீழிறங்கும் ஆற்றலைத் தன்பால் கொண்டுள்ளது. அவ்வாற்றலுக்கு முதல் உயரமேயன்றி நீரின் ஊட்டமன்று.

நீலமலையின் பைக்காரா இதற்குத் தக்க சான்று. 1932ஆம் ஆண்டில் மின் ஈனத் தொடங்கிய அத்திட்டத்தில், நீர் எஃகுக் குழாய்களின் வழியே ஏறத்தாழ 3,080 அடி கீழிறங்கிச் சிங்காரா மின்நிலையத்தை அடைகின்றது. குழாயின் குறுகிய வாயிலிருந்து அம்பெனப் பாயும் நீர்த்தாரை, பெல்ட்டன் சுழலியின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தப்பட்ட கிண்ணங்களில் மோதுகின்றது. ஆழி சுழல்கின்றது. தன் விரைவை ஆழிக்கு ஈந்த நீர் தளர்ந்து கீழே விழுந்து, கால்வாய் வழியே வெளியேறுகின்றது.

சுழலியின் அச்சோடு இணைந்தது மின்னாக்கி. அதனுள் செப்புக் கம்பிச் சுருள்களின் நடுவே காந்தம் சுழல்கின்றது. காந்தப் புலம் மாறுந்தோறும் கம்பியில் மின் எழும் என்பதை 1831இல் மைக்கேல் பாரடே மெய்ப்பித்தார். எழுந்த மின்னின் அழுத்தத்தை மின்மாற்றி உயர்த்துகின்றது; அழுத்தம் உயரின் வழியில் நேரும் இழப்புக் குறையும். இவ்வாறு மலையிறங்கிய மின்தான் கோவையின் நூற்பாலைகளை ஓட்டியது. உழவர் கிணறுகளில் நீரிறைத்தது.

இனி, நீர் இழந்தது யாது? சுழலியே இல்லையெனக் கொள்க. அதே நீர் பாறைகளில் மோதி வீழும். அதன் ஆற்றல் இரைச்சலாகவும் வெப்பமாகவும் கழியும். 427 மீட்டர் வீழும் நீர், தன் வீழ்ச்சியாற்றல் முழுதும் தன்னுள் வெப்பமாக மாறின், ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு சூடேறும். வீணே கழியவிருந்த அவ்வாற்றலையே சுழலி கவர்ந்து மின்னாக மாற்றுகின்றது. நீரின் ஒரு துளியும் குறைவதில்லை. அதில் கரைந்துள்ள உப்பும் உரமும் மின்னாக மாறுவதில்லை.

உயரத்தின் அருமையைக் கணக்கே காட்டும். இழப்பை நீக்கிக் கணக்கிடின், 3,080 அடி வீழ்ச்சியில் ஓர் அலகு மின்னுக்கு ஏறத்தாழ 390 இலிட்டர் நீர் போதும். வீழ்ச்சி 100 அடியே ஆயின், அதே ஓர் அலகிற்கு ஏறத்தாழ 12,000 இலிட்டர் வேண்டும்.

நீர் சக்கையாவதில்லை என்பதற்கு அதன் பின்வழியே சான்று. சிங்காராவில் வெளியேறும் நீர், 1952இல் இயங்கத் தொடங்கிய மாயாற்று மின்நிலையத்தில் மீண்டும் ஆழி சுழற்றுகின்றது. பின்னர் மாயாறு பவானிசாகரில் கலந்து, கீழ்பவானிக் கால்வாய் வழியே வயல்களை விளைவிக்கின்றது. காவிரியிலும் அவ்வாறே. மேட்டூர் அணையில் மின் ஈன்ற நீர், செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு கதவணை மின்நிலையங்களில் மேலும் நான்கு முறை உழைத்த பின்னரே கீழே செல்கின்றது. 1980களின் பிற்பகுதியில் எழுந்த இந்நான்கும் தனித்தனியே 30 மெகாவாட்டுத் திறனுடையவை.

அவ்வாறாயின் உழவன் அஞ்சத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு, அஃது சுழலியில் இல்லை, அணையில் உள்ளது. தேங்கிய நீரில் வண்டல் அடியிற் படிந்து விடுகின்றது. முன்னாளில் வெள்ளத்தோடு வயலேறிய வளம் அணைக்குள் நின்று போகின்றது. அணையின் கொள்ளளவும் அதனால் குறைகின்றது. வண்டலைத் தூர்வாரி வயலுக்கு மீட்டலே அதற்கு மருந்து.

இரண்டாவது, காலம். மின்தேவை நாள்தோறும் மாலையில் உயரும். பயிரின் தேவையோ பருவத்தைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12இல் பாசனத்திற்குத் திறக்கப்பட்டுச் சனவரி 28இல் மூடப்படுவது. குறுவைக்கென வைத்த நீரைப் பருவமல்லாப் பருவத்தில் மின்னுக்கெனத் திறந்து விடின், பயிர் வேண்டும் நாளில் அணை வறண்டு கிடக்கும். பாசனத்திற்குத் திறக்கும் நீரே போகிற போக்கில் ஆழியையும் சுழற்றுமாயின், ஒரு நீரால் இரு பயன் விளையும்.

ஆகலின் உழவர் கேட்க வேண்டிய வினா, "நீரில் வலு உள்ளதா?" என்பதன்று. "எந்த நாளில், எவ்வளவு, எதற்காகத் திறக்கின்றீர்?" என்பதே. பொறியின் இயக்கத்தை அறிந்தவனே அவ்வினாவைத் துணிந்து கேட்பான்; அறியாதவனோ இல்லாத குறையைக் கண்டு அஞ்சி, இருக்கும் குறையைக் காணாது விடுவான். ஊர்தோறும் இவ்வறிவு பரவுக! நீரும் வாழ்க, நிலமும் வாழ்க!