உறங்கா நகரத்தில் ஒலிக்காத முரசு



சீனாவின் சியான் நகரிலே, பெரிய காட்டுவாத்துக் கோபுரத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான வீதி ஒன்று இருக்கிறது. வாகனங்களுக்கு அங்கே இடமில்லை, நடப்பவர்களுக்கே உரியது. 'மாபெரும் தாங் உறங்கா நகரம்' என்பது அதன் பெயர். தாங் மன்னர்கள் 618 முதல் 907 வரை ஆண்டவர்கள். அவர்களின் தலைநகராகிய சாங்கான் இருந்த இடமே இன்றைய சியான். அந்தப் பொற்காலத்தைச் சீமெந்தாலும் மின்விளக்காலும் மீண்டும் கட்டிக் காட்டுகிறார்கள்.

நான் இரவு எட்டு மணிக்குப் போனேன். தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. இளம் பெண்கள் வாடகைக்கு எடுத்த பழங்கால ஆடை அணிந்து, நெற்றியிலே செம்மலர் தீட்டிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டக்காரி ஒருத்தி அடி உருண்ட பீடத்தில் நின்றபடி, தஞ்சாவூர்ப் பொம்மைபோலக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து, நீட்டிய கைகளைத் தொட்டு நிமிர்கிறாள். இன்னொரு மேடையிலே, தாங் அமைச்சர் இருவரின் வேடம் தரித்தவர்கள் பார்வையாளரை அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். கவிதையின் ஓரடியை அவர்கள் சொன்னால் அடுத்த அடியை வந்தவர் சொல்லவேண்டும். பத்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் தடுமாறாமல் சொன்னான். தமிழ் படிப்பிக்கும் எனக்குப் பொறாமை வராமல் இருக்குமா?

ஆனால் நேயர்களே, உண்மையான சாங்கான் உறங்கிய நகரம். உறங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் விதித்த நகரம். மதில் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாக அது பிரிக்கப்பட்டிருந்தது. மாலையிலே முரசு நூற்றுக்கணக்கான தடவை முழங்கும். ஓய்ந்ததும் ஒவ்வொரு குடியிருப்பின் வாயிலும் அடைபடும். பிறகு பெருவீதியிலே அகப்பட்டவனுக்கு 20 பிரம்படி. நோய், மரணம், அரச கருமம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சந்தைகளும் நண்பகலில் திறந்து பொழுது சாயுமுன் மூடின. ஊரடங்கு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பெருங்கவிஞர் பாய் ஜூயியின் தம்பி பாய் சிங்ஜியன் 'லீ வாவின் கதை' என்றொரு கதை எழுதினார். பரீட்சைக்காகத் தலைநகர் வந்த இளைஞன், லீ வா என்னும் கணிகை வீட்டிலே பேசிக்கொண்டிருக்கிறான். முரசு முழங்குகிறது. "வீடு எங்கே?" என்று கிழவி கேட்கிறாள். நகர வாயிலுக்கு வெளியே வெகுதூரம் என்று துணிந்து பொய் சொல்கிறான். தங்கச் சொல்வார்கள் என்ற நப்பாசை! சட்டத்தை மீறாமல் விரைந்து போகும்படி கிழவி சொல்கிறாள். ஈற்றில், அவன் விரும்பியபடியே தங்குகிறான். ஊரை அடக்க வைத்த முரசைக் காதலன் தன் தூதாக்கிக்கொண்டான்.

ஆண்டின் முதல் முழுநிலவை ஒட்டிய 3 இரவுகளிலே மட்டும் தடை நீங்கும். 713ஆம் ஆண்டிலே, 200 அடி உயரமான சக்கரமொன்றில் 50,000 விளக்குகள் எரிந்தனவாம். பழைய குறிப்பு அப்படிச் சொல்கிறது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். அந்த மூன்று இரவுகளைத்தான் இன்றைய வீதி ஆண்டு முழுவதற்கும் நீட்டியிருக்கிறது. அதை நான் குறை சொல்லேன். அடைபட்டுக் கிடந்தவர்கள் ஆசைப்பட்டது அதற்குத்தானே? ஆயினும், நான் நடந்த நேரம் முழுவதும் அந்த முரசு எங்கும் கேட்கவில்லை. ஒருமுறையேனும் அதை முழக்கிக் காட்டினால், கவிதை சொன்ன பையனுக்கு இந்த விளக்குகளின் அருமை இன்னும் விளங்கும்.

கோபுரத்தின் முன்னே யுவான் சுவாங்கின் சிலை நிற்கிறது. நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்த காலத்திலே, பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் எல்லை கடந்து இந்தியா சேர்ந்தவர் அவர். காஞ்சிவரை வந்து, இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார். இங்கிருந்து பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பி அங்கே வந்திருந்த துறவிகள் நிலைமையைச் சொன்னதும் எண்ணத்தைக் கைவிட்டார் என்று அவரின் வரலாறு கூறுகிறது. 645இல் நாடு திரும்பினார். கொண்டுவந்த ஏடுகளைக் காப்பதற்காக 652இல் எழுந்ததே அந்தக் கோபுரம். நான் போன இரவு, அவர் சிலையின் காலடியிலே சிறுவர்கள் ஒளிவீசும் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.