கடன் நோட்டும் நள்ளிரவுத் தவறும்

அல்சூர் ஏரிக்கும் இந்திராநகருக்கும் நடுவே இருக்கிறது ஜோகுபாளையம். பெங்களூரில் தமிழ்ப் பேச்சு சகஜமாகக் காதில் விழும் பகுதி. அங்கே ஒரு மளிகைக் கடை, அதில் ஒரு கடன் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். செல்வி அக்காவின் பெயர், முகவரி, போன் நம்பர், வாங்கிய துவரம் பருப்பு எல்லாம் ஒரே வரியில். அடுத்த வாரம் மறுபடியும் அதே பெயர், அதே நம்பர். அக்கா நம்பரை மாற்றினால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். கடைக்காரர் முப்பத்தெட்டில் திருத்துவார், இரண்டு விட்டுப்போகும்.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் எழுதிய கட்டுரை இந்தத் தலைவலிக்கு வழி சொன்னது. வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, அவர்கள் வாங்கியவற்றுக்கு இன்னொன்று. இரண்டையும் ஓர் எண் இணைக்கும். போன் நம்பர் ஒரே இடத்தில்தான் இருக்கும். ரிலேஷனல் டேட்டாபேஸின் அடிப்படை இதுதான்.

கர்நாடக விவசாயிகளுக்கு டேட்டாபேஸ் பழகிய சங்கதி. 'பூமி' திட்டத்தில் ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடி நிலப் பதிவுகள் கணினிக்குப் போயின. தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் பஹணி, அதாவது நிலப் பதிவின் நகல், அச்சாகி வந்தது. அத்தோடு, கையால் எழுதிய பஹணி செல்லாது என்றும் ஆனது. அப்படியானால் அந்த டேட்டாபேஸைக் காப்பவர் கையில் எத்தனை குடும்பங்களின் நிலம்!

காப்பது எப்படி? பேக்கப் எடுத்தால் போதும் என்றுதான் புதிதாகக் கற்பவர் நினைப்பார். அது போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புகளை முதன்மை சர்வரில் அழித்தார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்தும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். தினசரி பேக்கப்பும் கைவிட்டது: மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் அது ஓடவே இல்லை, அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நிறுவனம் எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

பழகிப் பார்க்கப் பழைய லேப்டாப்பே போதும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடை நோட்டையே இரண்டு அட்டவணைகளாக்கலாம். 'டெலீட்' கட்டளை கொடுக்கும்போது, எந்த வரிசை என்று சொல்லும் 'வேர்' பகுதி கட்டாயம் வேண்டும். அது விட்டுப்போனால் அட்டவணையில் இருப்பதெல்லாம் வேரோடு போய்விடும். ஆங்கிலச் சொல்தான், தமிழ்க் காதுக்கும் பொருந்துகிறது. கட்டளைக்கு முன்னால் 'பிகின்' போட்டிருந்தால் 'ரோல்பேக்' சொல்லித் தப்பிக்கலாம். 'கமிட்' கொடுத்து மாற்றத்தை உறுதிசெய்த பிறகு பேக்கப்தான் கதி.

அதனால் இரவு எடுத்த பேக்கப்பை மறுநாள் காலை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வரிசைகளை எண்ண வேண்டும், செல்வி அக்காவின் பாக்கி சரியா என்று பார்க்க வேண்டும். மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது. கணினி படுத்துவிட்டால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.