இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி

(இளையாத்தங்குடியில் நடந்த மருத்துவ விளக்கக் கூட்டத்தில் எங்கள் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு வலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நம் பக்கத்தில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. "வாயு இறங்கிவிட்டது" என்பார்கள். "இடுப்புப் பிடிப்பு" என்பார்கள். "தொடையிலிருந்து நரம்பு சுண்டி இழுக்கிறது" என்பார்கள். ஆங்கில வைத்தியத்தில் அதன் பெயர் சயாட்டிகா. ஆயுர்வேதத்தில் கிருத்ரசி. கிருத்ரம் என்றால் கழுகு. வலிக்காரர் காலை இழுத்து நடப்பது கழுகு தரையில் நடப்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சயாட்டிகா என்பது நோயின் பெயர் அல்ல, அடையாளத்தின் பெயர். காய்ச்சல் என்றால் மலேரியாவா, டைபாய்டா, சாதாரணச் சளியா என்று பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். வலி காலில் இருக்கும், காரணம் பெரும்பாலும் முதுகில் இருக்கும். அதனால்தான் வலிக்கிற காலிலேயே தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம்.

நம் உடம்பிலேயே மிகவும் தடிமனான நரம்பு இது. இடுப்பு எலும்பின் கடைசி இரண்டு கணுக்களிலிருந்தும், அதற்குக் கீழேயுள்ள திரிக எலும்பின் முதல் மூன்று துளைகளிலிருந்தும் ஐந்து வேர்கள் புறப்பட்டு, ஒன்றாகச் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு விரல் கனத்தில் புட்டத்தின் வழியாக இறங்குகின்றன. தொடையின் பின்புறம் போய், முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து, பாதத்தின் விரல் நுனிவரை செல்கின்றன.

வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு இந்த நரம்பு புதியதல்ல. ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, நொண்டி நடந்த செய்தி வருகிறது. அதன் நினைவாக யூதர்கள் மிருகங்களின் அந்த நரம்பை உண்பதில்லை. அவர்களுடைய மரபு அதை இதே சயாட்டிக் நரம்பு என்றுதான் கொள்கிறது. இன்றைக்கும் முறைப்படி இறைச்சி ஆயத்தம் செய்கிறவர்கள் அதை எடுத்துவிடுவார்கள். யாக்கோபுக்கு டிஸ்க் விலகியிருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!

சரி, சாதாரண இடுப்பு வலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாள் முழுவதும் குனிந்து களையெடுத்த சகோதரிக்கு மாலையில் இடுப்பு கழன்று விழுவதுபோல் வலிக்கும். அது தசை வலி. இரவு படுத்தால் குறையும். சயாட்டிகாவில் இடுப்பைவிடக் கால் அதிகமாக வலிக்கும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கும். மின்சாரம் பாய்வதுபோல், நெருப்பை வைத்ததுபோல் இருக்கும். இருமினாலும் தும்மினாலும் மலம் கழிக்க முக்கினாலும் சுரீரென்று ஓடும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். 1764-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிக்கோ கொட்டூனோ இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இடுப்பு மூட்டில் வரும் வலி வேறு, நரம்பில் வரும் வலி வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர்.

எந்த வேர் நசுங்கியிருக்கிறது என்பதைக் கால் தானே சொல்லிவிடும். கால் பெருவிரல் பக்கம் மரத்துப்போய், குதிகாலில் நிற்க முடியாவிட்டால் இடுப்பின் ஐந்தாவது வேர். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போய், முன்பாதத்தில் எக்கி நிற்க முடியாவிட்டால் திரிகத்தின் முதல் வேர். நடக்கும்போது தெரியாமலே செருப்பு கழன்றுவிடுகிறது என்று சிலர் வேறு எதற்கோ வந்த இடத்தில் போகிறபோக்கில் சொல்வார்கள். நான் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். வலியைவிட அந்தச் செருப்புச் செய்தி எனக்கு முக்கியம். மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பிரெஞ்சு மருத்துவர் லசேக் பெயரால் அதைச் சொல்வார்கள். செலவில்லாத சோதனை, இரண்டு நிமிடம் போதும்.

இனி காரணத்துக்கு வருவோம். ஒவ்வொரு முதுகெலும்புக் கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. டிஸ்க் என்கிறோம், ஜவ்வு என்றும் சொல்கிறோம். வெளியே வலுவான நார் வளையம், உள்ளே கூழ். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வளையம் கிழிந்து உள்ளேயுள்ள கூழ் பின்பக்கம் பிதுங்கினால் பக்கத்தில் போகும் நரம்பு வேர் நசுங்குகிறது. நசுங்குவது மட்டுமல்ல, அந்தக் கூழ் பட்ட இடத்தில் நரம்பு வீங்கிச் சிவந்தும் போகிறது. பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் இதை எழுதிய பிறகுதான் உலகம் டிஸ்க்கைக் கவனித்தது. அதுவரை காலில் வாதம், குளிர், கெட்ட பல் என்று எதையெல்லாமோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரன் குழுவினர் டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். நாம் எல்லோரும் நார் வளையம் நடுவில் கிழிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பார்த்ததில் நூற்றுக்கு 65 பேருக்கு, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்புப் பகுதிதான் பெயர்ந்திருந்தது. டயர் வெடிப்பது வேறு, டயர் ரிம்மிலிருந்து பிரிவது வேறு அல்லவா? அதே குழுவினர் டிஸ்க்குக்கு உணவு எப்படிப் போகிறது என்றும் 2004-ல் ஆராய்ந்து எழுதினார்கள். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழுமுள்ள எலும்புத் தகட்டின் வழியே சத்து ஊறி ஊறித்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே அது ஒருமுறை சேதப்பட்டால் ஆற நாளாகும். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

நம் பகுதியின் வேலைகளைப் பாருங்கள். கண்மாய்ப் பாசன வயலில் நாற்று நடுகிற பெண்கள், ஊருணியிலிருந்து இடுப்பில் குடம் சுமக்கிறவர்கள், சீமைக் கருவேலங் கரி மூட்டை தூக்குகிறவர்கள், நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து ஆத்தங்குடிக் கல் வார்க்கிறவர்கள். குனிந்த நிலையில் திரும்பிக்கொண்டே பாரம் தூக்குவதுதான் டிஸ்க்குக்கு மிகவும் ஆகாதது. ஆனால் வேலையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. வங்கியில் நாற்காலியில் உட்காருகிறவருக்கும் வருகிறது.

வயதானவர்களுக்குக் காரணம் வேறு. நரம்பு போகும் கால்வாயே குறுகிவிடுகிறது. கோயில் பிராகாரத்தில் பாதிச் சுற்று வருவதற்குள் இரண்டு காலும் கனத்துப்போகும். சற்று உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் சரியாகும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். இவர்களில் பலர் சைக்கிள் மட்டும் நன்றாக ஓட்டுவார்கள், ஏனென்றால் அப்போது முதுகு குனிந்திருக்கிறது.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வலி என்றால் உடனே புட்டத்தில் ஓர் ஊசி போட்டால்தான் நமக்குத் திருப்தி. அந்த ஊசியைப் புட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில் போட வேண்டும். உள்பக்கத்திலோ கீழேயோ இறக்கிவிட்டால் அது இந்த நரம்பிலேயே பட்டு, பாதம் தொங்கிப்போகலாம். மெலிந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ஊசி தேவைதானா என்று மருத்துவரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வைத்தியம் என்ன? நல்ல செய்தி முதலில். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே வலி நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. அந்த வாரங்களைத் தாண்டுவதுதான் பாடு, அதிலும் கூலி வேலைக்காரர்களுக்கு.

முன்பெல்லாம் பலகைக் கட்டிலில் மூன்று வாரம் அசையாமல் படு என்போம். 1999-ல் நெதர்லாந்தில் 183 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு வாரம் படுத்திருந்தார்கள், மற்றவர்கள் முடிந்த அளவு நடமாடினார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பகுதியிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் எந்த லாபமும் இல்லை. ஆகவே மிகக் கடுமையான வலி நாட்களில் ஓரிரு நாள் படுங்கள். பிறகு வீட்டுக்குள்ளாவது நடங்கள்.

மாத்திரைகள் ஓரளவுக்குத்தான். நரம்பு வலிக்கென்று ப்ரீகாபாலின் மாத்திரை நிறைய எழுதப்படுகிறது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்த சோதனையில் அது வெறும் மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை, தலைசுற்றல்தான் கூடுதலாக வந்தது. மற்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுங்கள், இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். "மூன்று வேளையில் வாதம் போகும்" என்று காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத பொடி வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாகப் போகும், பின்னாலே சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வரும். வெந்நீர் ஒத்தடம், இதமாக எண்ணெய் தேய்ப்பது தவறில்லை. முதுகில் ஏறி மிதிப்பதும், குழந்தையை விட்டு உதைக்கச் சொல்வதும், சூடு வைப்பதும் கூடாது.

"ஸ்கேன் எடுக்கவில்லையே டாக்டர்" என்பது அடுத்த வருத்தம். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் உப்பியிருந்தது! தலை நரைப்பதுபோல அதுவும் வயதின் அடையாளம். ஆகவே முதல் ஆறு வாரம், ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லையானால், ஸ்கேனுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் வீட்டில் சாப்பாடு நடக்கட்டும்.

அந்த ஆபத்தான அடையாளங்களைச் சொல்லத்தான் உண்மையில் இவ்வளவு தூரம் வந்தேன்.

முதுகுத் தண்டின் கீழ்முனையில் நரம்புகள் குதிரை வால்போல் கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய டிஸ்க் துண்டு ஒன்று நடுவில் பிதுங்கினால் அந்தக் கொத்து முழுவதும் நசுங்கும். அப்போது சிறுநீர் வராமல் அடைக்கும், அல்லது தெரியாமலே போய்விடும். மலம் கட்டுப்படாது. சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். இரண்டு காலிலும் வலி வரலாம். இது வந்தால் வாரக் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, ஆபரேஷன் நடக்க வேண்டும். தாமதமானால் கால் தேறினாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு ஆயுள் முழுவதும் திரும்பாமல் போகலாம். நம் பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. துணியை மாற்றிக்கொண்டு, மகனிடமும் சொல்லாமல், மருமகளிடமும் சொல்லாமல் நான்கு நாள் இருந்துவிடுகிறார்கள். தாய்மார்களே, அந்த நான்கு நாள்தான் எல்லாம். வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு மதுரைக்குப் போங்கள், வழியில் எங்களைப் போன்ற சிறிய ஆஸ்பத்திரியில் இறங்கி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பாதம் திடீரென்று தொங்கிப்போனாலும் காத்திருக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், படுத்தாலும் குறையாத முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிறது, அரசாங்கமே மருந்தை இலவசமாகத் தருகிறது. முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

ஆபரேஷனைப் பற்றி ஓர் ஐயா கேட்டார், "முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்கிறார்களே?" டிஸ்க் ஆபரேஷன் செய்யும் இடம் பெரும்பாலும் தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்கும் கீழே. கால் முடமாவது மிகமிக அபூர்வம். ஆனால் அவசரப்படவும் தேவையில்லை. 2007-ல் நெதர்லாந்தில் 283 பேரிடம் பார்த்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி விரைவில் போயிற்று, ஆனால் ஒரு வருடம் கழித்து, காத்திருந்தவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ஆறு, எட்டு வாரத்துக்குப் பிறகும் வலி தூங்கவிடாவிட்டால், வேலைக்குப் போகவிடாவிட்டால், செய்துகொள்ளுங்கள். அது தோல்வி அல்ல.

கடைசியாக ஓர் ஆச்சி, "பாயில் எப்படிப் படுப்பது, எப்படி எழுந்திருப்பது? அதைச் சொல்லுங்கள் முதலில்" என்றார்கள். நியாயமான கேள்வி. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று, வலிக்கிற கால் மேலே. எழும்போது நேரே நிமிராதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, மண்டியிட்டு, பிறகு சுவரையோ தூணையோ பிடித்து எழுங்கள். இந்த ஊர் வீடுகளில் தூணுக்கா பஞ்சம்!