தந்திக்குக் காத்திருந்த தலைவர்

(இராயபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழனும், எண்ணூரில் வலை வீசும் தோழனும், திருவொற்றியூர் ஆலையில் இயந்திரத்தோடு மல்லாடும் தோழனும் கூடியுள்ள இந்த இடத்தில், நான் இலண்டனைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் என்பீர். அது நம் வீட்டுச் சேதியும் ஆகும்; கேளுங்கள்.

ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூரில், பண்ணையாளுக்கும் பணிப்பெண்ணுக்கும் பிறந்தவர் ராம்சே மாக்டொனால்டு. 1924-இல் இங்கிலாந்தின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர். 1929-இல் மீண்டும் பிரதமர். அந்த ஆண்டே உலகைக் கவ்விற்று பொருளாதார மந்தம். 1931 கோடையில் 27 இலட்சம் பேருக்கு வேலையில்லை. இங்கிலாந்து பாங்கியிலிருந்து பொன் ஓடிற்று. கடன் வேண்டும். கொடுக்கக்கூடியவன் நியூயார்க்கில் இருந்தான். மார்கன் என்னும் பாங்கி முதலாளி!

ஆகஸ்டு 22. பாங்கியின் துணை ஆளுநர் ஹார்வி வழியாக அரசின் கேள்வி கடல் கடந்தது. வேலையற்றோர் உதவித்தொகையில் நூற்றுக்குப் பத்து வெட்டினால் கடன் கிடைக்குமா? எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஏழையின் ரொட்டியில் எவ்வளவு குறைப்பது என்பதை, வாக்களித்தவனிடம் கேட்கவில்லை. வட்டி வாங்குபவனிடம் கேட்டார், தொழிலாளர் தலைவர்!

மறுநாள் ஞாயிறு. டௌனிங் தெரு இல்லத்துத் தோட்டத்தில் அமைச்சர்கள் உலவியபடி காத்திருந்தனர். இரவு வந்தது மறுமொழி. இத்திட்டத்தை இங்கிலாந்து பாங்கியும் இலண்டன் பணச்சந்தையும் மனமார ஏற்கின்றனவா என்பது அதன் சாரம். 'வெட்டு' என்று எழுதவில்லை. பணம் படைத்தோன் கடிதத்தில் அந்த நாகரிகம் எப்போதும் உண்டு!

பதினொருவர் வெட்டலாம் என்றனர். ஒன்பதின்மர் மறுத்தனர், அவர்களில் ஒருவர், வார்ப்பாலையில் இரும்பு காய்ச்சி வளர்ந்த ஆர்தர் ஹெண்டர்சன். கோட்டைக்குச் செல்லும் நம் தோழர்கள் அந்த ஒன்பதை எண்ணிக்கொள்ளட்டும். மாக்டொனால்டோ அரண்மனைக்குப் போனார். மறுநாள் எதிர்க்கட்சியாரோடு கூடி மீண்டும் பிரதமரானார். கடனும் வந்தது, எட்டுக் கோடி பவுன். வெட்டும் விழுந்தது. கட்சி அவரை வெளியேற்றிற்று.

பிறகு நடந்தது வேடிக்கை. செப்டம்பரில் சம்பள வெட்டை எதிர்த்துக் கடற்படை மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்தார்கள். 21-ஆம் நாள், எந்தப் பொன் நாணய முறையைக் காக்க ஏழை வயிற்றில் அடித்தார்களோ, அந்த முறையையே கைவிட்டார்கள்! வானம் இடிந்து விழவில்லை.

இடிந்தது இங்கே. வைசிராய் வில்லிங்டனே வேண்டாமென்று வாதாடியும், நம் ரூபாயை விழுந்த பவுனோடு 18 பென்சுக்குக் கட்டினார்கள். பொன் விலை ஏறிற்று. நெல் விலை எழவில்லை. வரிக்கும் வட்டிக்கும் வழியற்ற உழவன், மனைவி கழுத்தில் கிடந்ததை விற்றான். அது உருகிக் கட்டியாகி, கப்பலேறி, இலண்டன் போய்ச் சேர்ந்தது.