சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை



மைசூர் மண்டி மொஹல்லாவில் வியாபாரம் சூடுபிடித்த நேரம். ஆட்டோ ஹாரன், மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல், கன்னடம், உருது, தமிழ் எல்லாம் ஒன்றாகக் காதில் விழும். அந்த இரைச்சலிலும், "அண்ணா, சில்லறை இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் நமக்குப் புரிந்துவிடுகிறது. சிலருக்குப் புரிவதில்லை. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. காரணம் பல இருக்கலாம். அதில் ஒன்று நரம்பு செல்லில் இருக்கிறது.

நரம்பு செல்லுக்கு மூன்று பாகங்கள். உட்கரு இருக்கும் உடல், செய்தியை வாங்கும் டெண்ட்ரைட் கிளைகள், செய்தியைக் கடத்தும் ஆக்சான் என்ற நீண்ட இழை. வேலைக்குத் தக்கபடி வடிவம் மாறும். தசையை இயக்கும் செல், நாலாபக்கமும் கிளை விட்ட பலமுனைச் செல். கால் விரலில் முள் குத்தியதைச் சொல்லும் செல்லின் உடலோ முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதன் இழை விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது.

காதில் இருப்பவை பெரும்பாலும் இருமுனைச் செல்கள். ஒரு முனை, உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்லைத் தொட்டிருக்கும். மறுமுனை மூளைக்குப் போகும். ஒரு காதுக்குச் சுமார் 30,000 இழைகள். அவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை, இடையிடையே கணுக்கள். செய்தி கணுவுக்குக் கணு தாவுவதால் வேகமாகப் போகிறது.

உறை கெட்டால் வேகம் இழைக்கு இழை மாறும். வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு சொன்னால் புரியும். ஆளுக்கொரு வேகத்தில் சொன்னால் வெறும் இரைச்சல்தானே! மயிர்செல்லும் நரம்பும் சந்திக்கும் இடம் பழுதானாலும் இதே கதி. இதற்குச் செவி நரம்புக் கோளாறு என்று 1996-இல் மருத்துவர்கள் பெயரிட்டார்கள்.

அதே மைசூரில், மானசகங்கோத்ரியில், 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. இந்தக் கோளாறு பற்றி அங்கே பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள். உள்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியை மைக் வைத்துப் பதிவு செய்வது ஒன்று. தலையில் மின்முனை ஒட்டி நரம்பின் பதிலைப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது சரியாக வந்து, இரண்டாவது வராவிட்டால் கோளாறு நரம்புப் பாதையில் என்று சந்தேகிக்கலாம்.

காது மிஷின் சத்தத்தைக் கூட்டும். சிதறிய நேரத்தைச் சீர்செய்யாது. ஆகவே வீட்டில் யாராவது, "கேக்குது, ஆனா புரியல" என்றால், கடையில் மிஷின் வாங்கும் முன் இந்த இரண்டு சோதனைகளையும் பற்றிக் கேட்டல் நிபுணரிடம் கேளுங்கள்.