விழுந்து முளைக்கும் பல்தானே?

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் கண்டேன். சத்துணவில் வழங்கிய கொண்டைக்கடலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். காரணம் கேட்டேன், வாயைத் திறந்து காட்டினாள். கீழ்க் கடைவாய்ப்பல் பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தது. அவள் தாயார், "விழுந்து முளைக்கிற பல்தானே, ஐயா?" என்றார். அது விழுந்து முளைக்கும் பல் அன்று. ஏறத்தாழ ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான பல் அது. போனால் மறுபடி வாராது.

பாற்பற்கள் இருபதும் அற்பமானவை அல்ல. பின்னர் வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை அவையே.

பல்லைப் புழு அரிக்கிறது என்று எண்ணிக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. உண்மையில் பல்லில் புழு இல்லை. வாயிலுள்ள நுண்கிருமிகள், நாம் உண்ணும் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு உண்டதும் ஏறக்குறைய அரை மணி நேரம் இது நிகழ்கிறது. பிறகு உமிழ்நீர் அதனைச் சீர்செய்கிறது. ஏரிக்கரையில் சிறு கசிவு கண்டால் மண்ணிட்டு அடைக்கிறோம். அடைக்க அவகாசமின்றி ஓயாது கசிந்தால் கரை என்னவாகும்? காலையில் தேநீரும் பிஸ்கோத்தும், இடைவேளையில் மிட்டாய், மாலையில் பானம் என்று கொறித்துக்கொண்டே இருக்கும் குழந்தையின் பல்லுக்கும் அதே கதிதான். ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதையும் கவனித்தல் வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் இதற்கு விலக்கல்ல.

இனிப்பே ஆகாது என்று கூற வரவில்லை. பண்டிகை நாளில் உணவோடு சேர்த்து உண்ணட்டும். இடைவேளைகளில் வேர்க்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, உப்பிட்ட மோர் கொடுங்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்து மிக்கவை. சந்தையிலிருந்து திரும்பும் தந்தையார் மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பதிலாகப் பழம் வாங்கி வரலாம். சர்க்கரையிட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடுதல் கூடாது; முன்பற்கள் முதலில் கெடுவது அதனால்தான்.

செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். மென்மையான தூரிகையும் புளோரைடு கலந்த பற்பசையும் நல்லவை. மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும். காலையில் துலக்குவதைவிட இரவு படுக்குமுன் துலக்குவது முக்கியம். அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது.

பஞ்சாயத்துக்கும் இதில் பங்குண்டு. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. இரு வேளையும் பள்ளியில் வயிறு நிறையும் குழந்தைக்கு இடையில் மிட்டாய் எதற்கு? பள்ளி வாயிலில் கடை வைத்திருப்போரிடம் எடுத்துச் சொல்லி, கடலையும் பழமும் விற்கச் செய்யுங்கள். உண்டபின் வாய் கொப்பளிக்கக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளைப் பெற்றோர்க்கு முன்னரே அறிவியுங்கள். அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வையுங்கள்.

இன்று வீடு சென்றதும், ஆறு வயது கடந்த உங்கள் குழந்தையின் வாயைத் திறந்து, கடைசியிலுள்ள பல்லைப் பாருங்கள். கரும்புள்ளி தென்பட்டால் வலி வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிறுமி இழந்ததை உங்கள் குழந்தை இழக்க வேண்டியதில்லை.